உட்லண்ட்ஸில் ஓர் அத்தை

1

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எப்படியும் ஒரு கட்டத்தில் கேட்டுவிடுவார்கள்: "அங்க நமக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?" சிங்கப்பூருக்கு வந்த நாளிலிருந்து இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் அந்தப் பதில் மாறிப்போனது. எப்படி மாறியது என்று தனித்தனியாக எல்லோருக்கும் சொல்லி முடியாது. அதனால் எழுதிவிடுகிறேன்.

போன ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அப்பா இறந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. ஊரில் நடந்த காரியங்களையெல்லாம் தாய்மாமாதான் முன்னின்று நடத்தினார். பெயர்களை அவரே ஐயரிடம் சொல்லிவிட்டார். எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னபோது விட்டேன், விழச் சொன்னபோது விழுந்தேன். இங்கே எனக்காகப் பேச மாமா இல்லை. சிராங்கூன் சாலைக் கோயிலில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் உட்கார்ந்தேன்.

"தகப்பனார் பேர்?"

"கோவிந்தராசு."

"தாத்தா பேர்?"

"வைரக்கண்ணு."

என் குரல் தயங்கியதை ஐயர் கவனித்துவிட்டார். "அவர் காலமாயிட்டாரோல்லியோ?" என்றார்.

"தெரியாது" என்று சொன்னேன். என் வாயிலிருந்து வந்துவிட்ட பிறகுதான் அது எவ்வளவு வினோதமான பதில் என்று உறைத்தது. அவர் என் நரைத்த தலையை ஒரு தடவை பார்த்தார். "உங்க வயசுக்கு, தாத்தா இருந்தா நூறைத் தாண்டியிருக்கணும். இருக்க மாட்டார் சார். சொல்லுங்கோ" என்று மந்திரத்தைத் தொடங்கினார்.

பின்னால் என் மகள் ஓவியா நின்றிருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. இந்த ஊரிலேயே பிறந்தவள். கோயிலுக்கு வரச் சம்மதித்ததே முடிந்ததும் பக்கத்துத் தேக்கா சந்தையில் சாப்பிடலாம் என்பதற்காகத்தான். தோசை வந்ததும் கேட்டாள்.

"அப்பா, வை டிட் யு சே தெரியாது? தாத்தாவோட அப்பா செத்துட்டாரா இல்லையான்னு எப்படித் தெரியாம இருக்கும்?"

"அவர் இங்க வந்தவரு. அப்புறம் ஊருக்குத் திரும்பல."

"இங்கன்னா?"

"இங்கதான். சிங்கப்பூர்."

அவள் தோசையை அப்படியே வைத்துவிட்டாள். "அப்போ இங்க வந்ததுல நாம ஃபர்ஸ்ட் இல்லையா?" என்றாள். 

2

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அப்பா வயிற்றில் இருந்தபோது அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். பிறகு போர் வந்தது. ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோய் ரயில் பாதை போட வைத்ததில் செத்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார் என்று சிலர் சொன்னார்கள். யாரும் கண்ணால் கண்டதைச் சொல்லவில்லை. அவருடைய மனைவி, அதாவது அப்பாவின் அம்மா, கடைசிவரை நெற்றிப் பொட்டோடு இருந்து பொட்டோடே போனார்.

அப்பா ஒரு அமாவாசைக்கும் குளத்தங்கரைக்குப் போனதில்லை. கேட்டால், "செத்தவங்களுக்குத்தான் தண்ணி விடணும். எங்கப்பா செத்தாருன்னு எனக்கு யாரும் வந்து சொல்லல" என்பார். கோபமாகச் சொல்வதில்லை. இன்றைக்குக் கடை அடைப்பு என்பதுபோல ஒரு தகவலாகச் சொல்வார்.

எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அப்பா மட்டும், "உலகத்துல வேற ஊரே இல்லையா?" என்றார். ஆனால் தடுக்கவில்லை. லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் பொறியாளர் வேலை. வந்தேன், கல்யாணமானது, ஓவியா பிறந்தாள், பொங்கோலில் வீடு வாங்கினோம். வருடாவருடம் அப்பாவைக் கூப்பிடுவேன். அம்மா மட்டும் வந்து போவார். "எனக்கு அந்த ஊரு ஆகாது" என்று அப்பா சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

3

அந்த அமாவாசைக்குப் பிறகு ஓவியா விடவில்லை. தமிழ்ப் பாடத்துக்கு உட்கார வைக்க நானும் என் மனைவி கவிதாவும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பெண் இப்போது ஒரு தமிழ்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.

பழைய இறப்புப் பதிவுகளைப் பார்க்கலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்த சீனப் பெண் பொறுமைசாலி. பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். வி-யில் தொடங்கிப் பார்த்தாள், டபிள்யூவில் பார்த்தாள், ஒரு கே, இரண்டு கே. ஒன்றும் வரவில்லை. எந்த வருடம் இறந்தார் என்று கேட்டாள். தெரியாது. எங்கே குடியிருந்தார்? தெரியாது. அவருக்கும் எனக்கும் உறவு என்பதற்கு ஏதாவது அத்தாட்சி? அப்பாவின் பிறப்பே பதிவாகவில்லை. என் கடவுச்சீட்டில் அப்பா பெயர்தான் இருக்கிறது. அதற்குமேல் என் வம்சத்துக்குக் காகிதம் கிடையாது. அவள் மன்னிப்புக் கேட்டாள். நானும் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று தெரியவில்லை.

ரயிலில் திரும்பும்போது ஓவியா, எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்து உறவினர்களைக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை. "ஜஸ்ட் துப்புங்க லா" என்று இந்த ஊர் வழக்கப்படி லா சேர்த்துச் சொன்னாள். அவள் என்னிடம் ஒன்றை இவ்வளவு ஆசையாகக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அதற்காகவே துப்பினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, அறைக்கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். திரையில் ஒரு பெயர் இருந்தது. பிரகாஷ். நெருங்கிய உறவு என்று போட்டிருந்தது. வசிக்கும் இடம் சிங்கப்பூர்.

4

பிரகாஷ் காப்பீட்டு முகவர். ஐம்பதைத் தாண்டியவர், வாய் நிறையப் பேச்சு. தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் சந்தித்தோம். மாநிறம், கண்களில் மட்டும் ஒரு சீனச் சாயல்.

"நான் சும்மா விளையாட்டா போட்டது ப்ரோ. எவ்ளோ பர்சன்ட் சைனீஸ்னு பாக்கலாம்னு. எங்க பாட்டி சைனீஸ் தெரியுமா? பொறந்ததும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துட்டாங்க. பேரு தங்கம்மா. காது குத்தி, சேலை கட்டி, தமிழ் மட்டும்தான் பேசுவாங்க. சைனீஸ் ஒரு வார்த்தை தெரியாது. தாத்தா ஹார்பர்ல வேலை பாத்தாரு. பேரு கண்ணு."

"வெறும் கண்ணா?"

"ஐசியில அப்டித்தான். கண்ணு. ஊரு மன்னார்குடி பக்கம்னு அம்மா சொல்லும்."

அடையாள அட்டையில் அரைப்பெயரை இந்த ஊர் வைத்துக்கொண்டு மீதி அரைப்பெயரைத் தொலைத்திருந்தது. அலுவலகத்துப் பெண் எத்தனை எழுத்துக்கூட்டிப் பார்த்தாலும் வந்திருக்காது.

பிரகாஷின் அம்மா லெட்சுமி. தாத்தாவின் ஒரே மகள். அப்படியென்றால் என் அப்பாவின் தங்கை, எனக்கு அத்தை. பிரகாஷ் என்னைவிட மூத்தவர், முறைப்படி அத்தான். நான் "அத்தான்" என்று கூப்பிட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ப்ரோ போதும் லா" என்றார்.

அத்தையைப் பார்க்கவேண்டும் என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

"கேட்டுட்டேன். அம்மா வேணாங்குது. உங்கப்பா பேர் சொன்னதும் உள்ள போய்ப் படுத்துக்கிச்சு."

"என் அப்பாவைப் பத்தித் தெரியுமா அவங்களுக்கு?"

"எனக்குத்தான் தெரியாது. அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

அன்று வீட்டுக்கு வந்து ஊருக்குப் பேசினேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க அப்பா பட்டது உனக்குத் தெரியாது. எங்க மாமியா பட்டத நான் கண்ணால பாத்தவ. அந்த வீட்டு வாசலை மிதிக்காத."

ஒரு பக்கம் வா என்று சொல்ல ஆளில்லை. இன்னொரு பக்கம் போகாதே என்று தடுத்தார்கள். தீபாவளி வந்து போனது. பட்டாசுக்குப் பதிலாக சிராங்கூன் சாலையில் விளக்கு அலங்காரம். அந்தக் கூட்டத்தில் நடந்தபோது வயதான பெண்களின் முகங்களை எல்லாம் பார்த்துக்கொண்டே போனேன்.

5

நவம்பர் மழையில் பிரகாஷ் கூப்பிட்டார். "அம்மா வரச் சொல்லிச்சு ப்ரோ. இந்த ஞாயிறு." வைப்பதற்கு முன், "ஒரு விஷயம். உங்கப்பா தவறிட்டத நான் சொல்லல. என்னால முடியல. நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

உட்லண்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடி. கவிதாவுக்கு அன்று வேலை இருந்தது. ஓவியாவும் நானும் போனோம். கதவைத் திறந்தவர் சின்ன உருவம், பூப்போட்ட கைலி, சட்டை. பிரகாஷுடைய கண்கள் அவரிடமிருந்துதான் வந்திருந்தன. ஆனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்தபோது, நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். கீழ்ப்பக்கம் நீண்டு தொங்கும் பெரிய காதுகள். அப்பாவின் காதுகள்.

"வாங்க" என்றார். "இவங்க?"

"என் பொண்ணு, அத்தை. ஓவியா."

அத்தை என்ற சொல்லைக் கேட்டு அவர் கதவை அகலத் திறந்துவிட்டார். ஓவியா "ஹலோ ஆன்ட்டி" என்றுவிட்டு, நான் பார்த்ததும், "அத்தைப்பாட்டி" என்று திருத்திக்கொண்டாள். அந்த முறையை வரும் வழியில் பேருந்தில் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அத்தைதான் பேச்சைத் தொடங்கினார்.

"நீங்க சண்டை போட வந்தீங்கன்னு நெனச்சேன். அதான் வேணாம்னேன்."

"எதுக்கு அத்தை சண்டை?"

"எனக்கு ஒரு அண்ணன் இருக்காங்கன்னு அப்பா சொல்லியிருக்காங்க. சின்ன வயசுலேயே தெரியும். ஒரு தடவ அப்பா ஊருக்குப் போனாங்க, கப்பல்ல. எனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும். அண்ணனப் பாக்கப் போறேன்னுதான் போனாங்க. போனா வரமாட்டாங்கன்னு ஹார்பர் லைன் வீடுகள்ல எல்லாரும் எங்கம்மாகிட்ட சொன்னாங்க. எங்கம்மாவுக்கு யாரு இருக்கா? பெத்தவங்க சீனக்காரங்க, கொடுத்துட்டுப் போயிட்டாங்க. வளத்தவங்களும் செத்துட்டாங்க. அம்மா சாப்பிடாம கெடந்தாங்க. நான் தெனம் கோயிலுக்குப் போயி கும்பிட்டேன். அப்பா அங்க இருக்கக் கூடாது, திரும்பி வந்துரணும், அண்ணன் கூட இருக்கக் கூடாதுன்னு."

சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாங்க. நான் கும்பிட்டதுக்கு வந்துட்டாங்க."

"தாத்தா எங்க வீட்டுக்கு வந்தாரா?"

"தெருவரைக்கும் போனாங்களாம். எதுத்தாப்ல டீக்கடையில நின்னாங்களாம். அண்ணன் சைக்கிள்ல போனாங்களாம், பின்னாடி அவங்கம்மாவ உக்கார வெச்சுக்கிட்டு. அந்தம்மா நெத்தியில பொட்டு இருந்துச்சாம். அதப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டாங்க."

"ஏன்?"

"நான் கேக்கல. அப்பாவும் சொல்லல. சாகுற வரைக்கும், அண்ணன் நல்லா சைக்கிள் ஓட்டுறான், நல்லா வளந்துட்டான்னு அத மட்டும் சொல்லுவாங்க." அவர் நிமிர்ந்தார். "எனக்கு அப்பா இருந்ததுக்குத்தான் அண்ணனுக்கு இல்லாம போச்சு. அது எனக்குத் தெரியும். இத்தன வருசமா தெரியும். அண்ணன் முன்னால எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறதுன்னுதான் தேடல. இப்போ வயசாயிருச்சு. திட்டுனாலும் பரவால்ல. அண்ணன எப்போ கூட்டிட்டு வருவீங்க?"

பிரகாஷ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அத்தையின் கையைப் பிடித்தேன். "அப்பா இல்ல அத்தை. முந்தின வருஷம் மாசி மாசம் போயிட்டாரு."

அவர் அழவில்லை. என் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். எழுந்தார். சமையலறையைத் தாண்டி உள்ளே போனார். குளியலறைக் கதவு சாத்தும் சத்தமும், பிறகு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றும் சத்தமும் கேட்டது. ஒன்று, இரண்டு என்று இல்லை, விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"வாட்ஸ் ஹேப்பனிங்?" என்று ஓவியா மெதுவாகக் கேட்டாள்.

"கூடப் பிறந்தவங்க செத்த செய்தி கேட்டா தலைமுழுகணும்" என்றேன். "எப்பக் கேட்டாலும்."

ஈரத்தலையோடு, வேறு உடுப்பில் வெளியே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஓவியா எழுந்து போய் அங்கே கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள். அவர் பின்னால் நின்று, அந்தக் கொஞ்சம் முடியைத் துவட்டிவிட்டாள். அப்போதுதான் அத்தை அழுதார்.

6

தாத்தா எங்கே இருக்கிறார் என்று புறப்படும்போது கேட்டேன். தாத்தாவைப் புதைத்த பழைய கல்லறைத்தோட்டத்தை அரசாங்கம் வீடு கட்ட எடுத்துக்கொண்டதாம். எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்துக் கொடுத்தார்களாம். அத்தையும் பிரகாஷும் போய் வாங்கிக் கடலில் கரைத்திருக்கிறார்கள். நான் இந்த ஊருக்கு வருவதற்குச் சில வருடங்கள் முந்தி.

அந்த இடம் இப்போது உட்லீ ரயில் நிலையத்தின் பக்கம். பொங்கோலிலிருந்து வேலைக்குப் போகிற ரயில் தினமும் அதன் அடியில்தான் போகிறது. இத்தனை வருடங்களில் அந்த நிலையத்தில் நான் இறங்கியதே இல்லை. மறுநாள் காலையில் இறங்கினேன். மேலே புதுப்புது அடுக்குமாடிகள், குழந்தைகளுக்கு ஊஞ்சல், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். ஒரு லிஃப்ட் பழுதாகி நின்றிருந்தது. தொழில் பழக்கத்தில் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பிடவேண்டும் என்று தோன்றியது. எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் அடுத்த ரயிலைப் பிடித்து வேலைக்குப் போனேன்.

தாத்தா மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். டீக்கடையிலிருந்து எங்கள் வீட்டு வாசல் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே தூரத்தைத்தான் அப்பாவும் நடக்காமல் விட்டார். ஒரு விமானப் பயணம். அவரும் வந்து கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பயம்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஒருவருக்கு மன்னிக்கமாட்டார்களோ என்று, மற்றவருக்குத் தன்னை வேண்டாம் என்று விட்டதாக ஊர்ஜிதமாகிவிடுமோ என்று. அந்தப் பயத்தில் ஒரு பங்கு எனக்கும் வந்திருக்கிறது. இல்லாவிட்டால் இதே ஊரில் இத்தனை காலம் வாழ்ந்துகொண்டு, மகள் கேட்கும்வரை சும்மா இருந்திருப்பேனா?

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திட்டுக்குத் தயாராகிக்கொண்டே சொன்னேன். டீக்கடையைச் சொன்னேன், சைக்கிளைச் சொன்னேன். எதற்கும் "உம்" கொட்டவில்லை. அப்பா இறந்த செய்தியைச் சொன்ன இடம் வந்ததும் குறுக்கே கேட்டார்.

"கேட்டதும் தலைக்கு ஊத்திக்கிட்டாளா?"

"ஊத்திக்கிட்டாங்கம்மா. நான் சொல்லல. அவங்களா எழுந்து போனாங்க."

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஜாடை யாரு மாதிரி?"

"கண்ணு சீனக்கண்ணு. காது அப்பா காது."

"அப்ப எனக்கு நாத்தனா" என்றார் அம்மா. "பொங்கலுக்கு ஒரு சேலை எடுத்துக் குடு. நான் சொன்னேன்னு சொல்லு."

7

சேலையோடு மறுபடி போனேன். ஓவியா ஏற்கெனவே அங்கே இருந்தாள். பள்ளி முடிந்து சில நாள் உட்லண்ட்ஸுக்கே போய்விடுகிறாள். அத்தையிடம் பேசினால் தமிழில் பேசித்தான் ஆகவேண்டும். நான் வாங்கிக் கொடுத்த புத்தகங்களால் ஆகாதது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை, சொன்னால் நின்றுவிடும்.

அத்தை சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவின் படங்களைக் காட்டினேன். கல்யாணப் படம், ஓய்வு பெற்ற அன்று எடுத்த படம். ஒவ்வொன்றையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கடைசியில் கேட்டார்:

"அண்ணன் குரல் எப்படி இருக்கும்?"

அப்பாவுக்குத் தட்டச்சு வராது. வாட்ஸப்பில் பேசித்தான் அனுப்புவார். அவர் போனபிறகு அவற்றை நான் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. தேடி, முதலில் கைக்கு வந்ததை எடுத்தேன். அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். கைபேசியை வாங்கிக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டார். சத்தம் கூடுதலாக இருந்ததால் எங்களுக்கும் கேட்டது. முதலில் ஒரு இருமல். பிறகு அப்பா.

"தம்பி, சாப்ட்டியாப்பா? இங்க ரெண்டு நாளா நல்ல மழை. கரண்ட் வேற இல்ல. அங்க எப்படி? பாப்பாவக் கேட்டதா சொல்லு. வேலையா இருப்ப, வெச்சிடறேன்."

அவ்வளவுதான். அத்தை அசையவில்லை. "எங்கப்பாவும் இப்படித்தான், இருமிட்டுத்தான் பேசுவாங்க" என்றார் யாரையும் பார்க்காமல். "இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். அப்பா மறுபடி இருமினார், மறுபடி கேட்டார், வைத்துவிட்டார். திரையில் வெளிச்சம் அணைந்தது. அத்தை கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அணைந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். ஓவியா அவர் தோளில் கை வைத்திருந்தாள்.

"பசியாறிட்டேன் அண்ணே" என்றார் அத்தை. "இங்கயும் மழைதான்."